ஃபிஃல் ஒருமையில், ஃபாஇல் பன்மையில்: ஏன்?

தமிழ் வழியாக அரபி இலக்கணம் படிக்கும் ஒருவரின் கேள்வி: "‘ஆசிரியர்கள் உதவினார்கள்’ என்பதை ‘அல்முஅல்லிமூன நஸரூ’ என்றும் எழுதலாம், ‘நஸரல் முஅல்லிமூன’ என்றும் எழுதலாம் என்கிறார்கள். முதலாவதில் வினை பன்மை, இரண்டாவதில் அதே வினை ஒருமை. இது ஏன்? பெண்பால் மட்டும் இரண்டு இடத்திலும் வினையில் தெரிகிறதே, அது எப்படி?"

இறந்தகால வினையையும் (மாளீ) அதன் எழுவாயையும் (ஃபாஇல்) படிக்கிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரபியில் ஒரு வினைக்கு (ஃபிஃல்) ஒரே ஒரு ஃபாஇல்தான் உண்டு. ‘நஸரூ’வின் கடைசியில் வரும் ‘ஊ’ நம் ‘ஆர்கள்’ போன்ற விகுதி இல்லை. அதுவே ‘அவர்கள்’ என்று பொருள்படும் ஒரு பெயர், அதுவே ஃபாஇல். அதற்குப் பின்னால் ‘முஅல்லிமூன’ என்று இன்னொரு ஃபாஇலை வைத்தால் ஒரே நாற்காலியில் இருவர் உட்கார்ந்ததாகிவிடும். ‘நஸரத்’தின் (அவள் உதவினாள்) கடைசியில் வரும் ஸுகூன் (உயிர் ஒலி இல்லை என்ற குறி) பெற்ற ‘த்’ அப்படிப்பட்டதல்ல. அது வெறும் இடைச்சொல் (ஹர்ஃப்); செய்தவர் பெண்பால் என்று காட்டும் அடையாளம், அவ்வளவே. நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. அதனால் அந்தத் ‘த்’துக்குப் பின்னால் பெண்பால் பெயர் தாராளமாக வந்து உட்காரலாம்.

தமிழ்க் காதுக்கு இது ஏன் முரணாகப் படுகிறது என்றால், நம் வினைமுற்றில் விகுதி எப்போதும் ஒட்டியே இருக்கும். ‘ஆசிரியர்கள் வந்தார்கள்’, ‘வந்தார்கள் ஆசிரியர்கள்’ இரண்டும் சரி. ‘ஆர்கள்’ எழுவாயின் எண்ணையும் பாலையும் காட்டுமே தவிர, தானே எழுவாயாக நிற்காது. அரபி இலக்கண அறிஞர்கள் ‘ஊ’வை அப்படிப் பார்க்கவில்லை.

இதற்குக் குர்ஆனின் யூஸுஃப் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை: ‘வ ஜாஅ இக்வது யூஸுஃப ஃபதகலூ அலைஹி ஃபஅரஃபஹும்’. யூஸுஃபின் சகோதரர்கள் வந்தார்கள், அவரிடம் நுழைந்தார்கள், அவர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார். ‘ஜாஅ’ ஒருமை, ஏனென்றால் ஃபாஇலான ‘இக்வது’ பின்னால் வருகிறது. அடுத்த வினை ‘தகலூ’ பன்மை, ஏனென்றால் சகோதரர்கள் ஏற்கெனவே பேசப்பட்டுவிட்டார்கள். இனி ‘அவர்கள்’ என்று பிரதிப்பெயரால்தான் குறிக்க வேண்டும், ‘ஊ’ அந்த வேலையைச் செய்கிறது. மூன்றாவது வினை ‘அரஃப’வில் எதுவும் வெளியே தெரியவில்லை, உள்ளே ‘ஹுவ’ (அவர்) மறைந்திருக்கிறது. நம் இலக்கணத்தில் ‘தோன்றா எழுவாய்’ என்போமே, அதுவேதான். ஒட்டியிருக்கும் ‘ஹும்’ செயப்படுபொருள். ஃபாஇல் வெளிப்படையான பெயராக, ஒட்டிய பிரதிப்பெயராக, மறைந்த பிரதிப்பெயராக வரும் மூன்று வகையும் இந்த ஒரே வரியில் இருக்கின்றன. இதை மனப்பாடம் செய்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

அப்படியானால் ‘அல்முஅல்லிமூன நஸரூ’வில் முன்னால் நிற்கும் பெயர் என்ன? பஸ்ரா நகரத்து இலக்கண மரபின்படி அது ஃபாஇல் இல்லை, முப்ததா. அதாவது பெயரில் தொடங்கும் வாக்கியத்தின் (ஜும்லா இஸ்மிய்யா) தலைப்பெயர். ‘நஸரூ’ என்பதே வினையும் ஃபாஇலும் சேர்ந்த ஒரு முழு வாக்கியம். அந்த முழு வாக்கியம் முப்ததாவைப் பற்றிய செய்தியாக (கபர்) நிற்கிறது. ‘ஆசிரியர்கள் இருக்கிறார்களே, அவர்கள் உதவினார்கள்’ என்பதுதான் அதன் கட்டமைப்பு. ஃபாஇல் தன் வினைக்கு முன்னால் வராது என்பது இந்த மரபின் உறுதியான விதி. கூஃபா நகரத்தார் ஃபாஇல் முந்தலாம் என்றார்கள். ஆனால் இன்று பாடமாகச் சொல்லித்தரப்படுவது பஸ்ராக்காரர்களின் முறைதான், தொடக்க மாணவர் அதைப் பிடித்துக்கொள்வதே நல்லது.

விதிக்கு வெளியே நின்ற அரபுகளும் இருந்தார்கள். சில குலத்தார் வினை முன்னால் வந்தாலும் பன்மை சேர்த்துப் பேசினார்கள். ‘அகலூனில் பராகீஸு’ (தெள்ளுப்பூச்சிகள் என்னைத் தின்றுவிட்டன) என்ற வாக்கியத்தால் அந்த வழக்கை இலக்கண நூல்கள் குறிக்கின்றன. 8ஆம் நூற்றாண்டின் ஸீபவைஹியே இதைப் பேசியிருக்கிறார். குர்ஆனில் 21:3இல் (21ஆம் அத்தியாயம், 3ஆம் வசனம்) ‘வ அஸர்ருன் நஜ்வல்லதீன ளலமூ’ என்று பன்மை வினைக்குப் பின் பெயர் வருவதற்கும் சிலர் இந்த வழக்கைக் காட்டுவார்கள். மற்றவர்கள் ‘ஊ’வே ஃபாஇல், பின்வருவது அதற்கு விளக்கமாக வந்த மாற்றுச்சொல் (பதல்) என்பார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்கிறவர்கள் பேச்சரபியில் வினை முந்தி வந்தும் பன்மையாக இருப்பதை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பேச்சுக்கு அது சரி, எழுத்தரபியில் அப்படி எழுதினால் பிழை.

இனி வினையின் வாலைப் பார்ப்போம். மாளீயின் 14 வடிவங்களை நம் மதரஸாக்களில் ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். ஆனால் எந்த வால் ஃபாஇல், எது இல்லை என்று பிரித்துப் படிப்பவர் குறைவு. ‘உதவினான்’ என்பது நஸர. அவர்கள் இருவர் நஸரா, ஆண்கள் பலர் நஸரூ. அவள் நஸரத், பெண்கள் இருவர் நஸரதா, பெண்கள் பலர் நஸர்ன. நீ (ஆண்) நஸர்த, நீங்கள் இருவர் நஸர்துமா, நீங்கள் ஆண்கள் நஸர்தும். நீ (பெண்) நஸர்தி, இருவர் மறுபடியும் நஸர்துமா, நீங்கள் பெண்கள் நஸர்துன்ன. நான் நஸர்து, நாங்கள் நஸர்னா. (நாம், நாங்கள் என்ற வேறுபாடு அரபியில் இல்லை, மொழிபெயர்க்கிறவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.)

இவற்றில் ‘நஸர’, ‘நஸரத்’ ஆகிய இரண்டில் மட்டுமே ஃபாஇலின் இடம் காலியாக இருக்கிறது. மற்ற பன்னிரண்டிலும் வாலே ஃபாஇல். ‘நஸரதா’வைக் கூர்ந்து பாருங்கள்: ‘த’ பெண்பால் அடையாளம், அதன் மேல் ஏறிய ‘ஆ’தான் இருவரைக் குறிக்கும் ஃபாஇல். அடையாளமும் ஃபாஇலும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மூல எழுத்துகளில் (‘நஸர’வில் ந, ஸ, ர) கடைசி எழுத்தின் உயிர்க்குறி வாலுக்கு ஏற்ப மூன்று விதமாக மாறும். வால் இல்லாதபோதும், ‘த்’ அல்லது ‘ஆ’ வரும்போதும் ஜபர் (‘அ’ ஒலிக்குறி). ‘ஊ’ வரும்போது பேஷ் (‘உ’ ஒலிக்குறி). உயிர்க்குறியோடு தொடங்கும் வால்கள் (து, த, தி, துமா, தும், துன்ன, ன, னா) வந்தால் ஸுகூன். ‘நஸரது’ என்று விட்டால் உயிர்க்குறி பெற்ற நான்கு எழுத்துகள் இடைவிடாமல் வரும். வினையும் அதன் ஃபாஇலும் ஒரே சொல் போல ஒட்டியிருக்கும் இடத்தில் அரபி நாக்கு அதைத் தவிர்க்கிறது என்பதே இலக்கணிகள் சொல்லும் காரணம்.

இந்த ஸுகூனைக் கவனிக்காவிட்டால் பொருளே தலைகீழாகும். ‘பஅஸ்னா’ என்றால் ‘நாம் அனுப்பினோம்’. 16:36இல் ஒவ்வொரு சமுதாயத்திலும் தூதரை அனுப்பியதைப் பற்றி வருகிறது. ‘பஅஸனா’ என்றால் ‘எங்களை எழுப்பினான்’. 36:52இல் ‘மன் பஅஸனா மின் மர்கதினா’, எங்கள் உறங்குமிடத்திலிருந்து எங்களை எழுப்பியவர் யார் என்று கேட்கிறார்கள். எழுத்துகள் ஒன்றே, மூன்றாம் எழுத்தில் ஸுகூனா ஜபரா என்பது மட்டுமே வேறுபாடு. ஸுகூன் இருந்தால் ‘னா’ செய்தவர், ஜபர் இருந்தால் செயலுக்கு ஆளானவர்.

‘த’வுக்கும் இதே சோதனைதான். உயிர்க்குறி இல்லாத அச்சில் நஸர்து, நஸர்த, நஸர்தி, நஸரத் நான்கும் ஒரே தோற்றம். குறியிட்ட நூலில் படிக்கும்போதுகூட ஒரு கண்ணி உண்டு: ‘நஸரத்’துக்குப் பின் ‘அல்’ வந்தால், இரண்டு ஸுகூன் மோதாமல் இருக்க ‘த்’துக்கு ஜேர் (‘இ’ ஒலிக்குறி) கொடுத்து ‘நஸரதில்’ என்று படிப்போம். அந்த ஜேரைப் பார்த்ததும் ‘நீ (பெண்)’ என்று பொருள் கொள்பவர்கள் பலர். ‘த’வைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய எழுத்தைப் பாருங்கள். அங்கே ஸுகூன் இருந்தால் நான் அல்லது நீ. ஜபர் இருந்தால் அவள். தினமும் ஐந்து வேளை இகாமத்தில் (தொழுகை தொடங்கும்போது சொல்லும் அழைப்பு) காதில் விழும் ‘கத் காமதிஸ் ஸலாஹ்’ இந்த வகைதான். ‘காமத்’ வினை, ‘அஸ்ஸலாது’ ஃபாஇல், நடுவில் வந்த ஜேர் ஓசைக்காக வந்தது.

மூல எழுத்தில் வாவ் (வ), யே (ய) உள்ள வினைகளில் இந்த ஸுகூன்தான் உருமாற்றத்துக்குக் காரணம். ‘கால’ (சொன்னான்) என்பதில் ‘ன’ சேர்ந்தால் லாமுக்கு (ல) ஸுகூன் வரும். முன்னால் உள்ள நெடில் அலிஃபும் ஸுகூன். இரண்டும் சேர்ந்து நிற்க முடியாமல் அலிஃப் விழுந்து, மூல எழுத்து வாவ் என்பதைக் காட்டப் பேஷ் வந்து ‘குல்ன’ ஆகிறது. மூல எழுத்து யே என்றால் ஜேர்: ‘பாஅ’ (விற்றான்), ‘பிஃது’ (விற்றேன்). ‘காஃப’ (அஞ்சினான்) வாவ் வகையாக இருந்தும் ‘கிஃப்து’ என்றே வரும். அதன் அடிப்படை வடிவம் ‘கவிஃப’ என்று நடுவில் ஜேர் கொண்டது. இங்கே விதியைவிட வாய்ப்பழக்கமே கைகொடுக்கும். யூஸுஃப் 31ஆம் வசனத்தில் ‘ரஅய்னஹு’, ‘அக்பர்னஹு’, ‘கத்தஃன’, ‘குல்ன’ என்று நான்கு வடிவங்கள் வரிசையாக வருகின்றன. எல்லாவற்றிலும் ‘ன’ அந்தப் பெண்கள். முதல் இரண்டில் ‘ஹு’ யூஸுஃப்.

அதே பெண்களை 30ஆம் வசனம் அறிமுகப்படுத்தும்போது ‘வ கால நிஸ்வதுன் ஃபில் மதீனதி’ என்கிறது. பெண்கள் சொன்னார்கள், ஆனால் வினை ‘கால’, ஆண்பால் ஒருமை! ஒருமைக்குக் காரணம் மேலே பார்த்தோம். ஆண்பால் எப்படி வந்தது? இங்கே வினை எப்போது கட்டாயமாகப் பெண்பாலாகும், எப்போது விருப்பம் என்ற விதி வருகிறது.

கட்டாயம் இரண்டு இடங்களில். ஒன்று, உண்மையான பெண்ணைக் குறிக்கும் ஒருமைப் பெயரோ இருமைப் பெயரோ இடையில் எதுவும் இல்லாமல் வினையை அடுத்து வருவது. 51ஆம் வசனத்தில் ‘காலதிம்ரஅதுல் அஸீஸி’, அஸீஸின் மனைவி சொன்னாள். இங்கே ‘கால’ என்று சொல்லவே முடியாது. இரண்டு, ஃபாஇல் ஒரு பெண்பால் பெயரைச் சுட்டும் பிரதிப்பெயராக இருப்பது. சூரியன் அரபியில் பெண்பால், ஆனால் உயிரில்லாத, வழக்கால் வந்த பெண்பால். அதனால் ‘தலஅதிஷ் ஷம்ஸு’ (சூரியன் உதித்தது) என்றும் ‘தலஅஷ் ஷம்ஸு’ என்றும் சொல்லலாம். பெயர் முந்திவிட்டால் ‘அஷ்ஷம்ஸு தலஅத்’ மட்டுமே சரி.

விருப்பமான இடங்கள் மூன்று: பின்வரும் பெயர் உயிரற்ற பெண்பால், வினைக்கும் பெயருக்கும் நடுவில் வேறு சொல் புகுந்திருப்பது, உருக்குலைந்த பன்மை (ஒருமைச் சொல்லின் உள்வடிவமே மாறி வரும் பன்மை) அல்லது கூட்டப்பெயர். ‘நிஸ்வதுன்’ மூன்றாவது வகை. அதன் மறுபக்கம் 49:14இல் இருக்கிறது: ‘காலதில் அஃராபு ஆமன்னா’. நாட்டுப்புற அரபுகள் என்ற ஆண்களுக்குப் பெண்பால் வினை. நடுவில் வேறு சொல் புகுந்ததற்கு ஹூத் அத்தியாயத்தில் ஓர் அழகான இணை உண்டு. 67ஆம் வசனம் ‘வ அகதல்லதீன ளலமுஸ் ஸய்ஹது’, 94ஆம் வசனம் ‘வ அகததில்லதீன ளலமுஸ் ஸய்ஹது’. பேரொலி அநியாயக்காரர்களைப் பிடித்தது என்ற ஒரே செய்தி, ஒன்றில் ஆண்பால் வினை, மற்றதில் பெண்பால்.

உயர்திணை அல்லாதவற்றின் பன்மைக்கு வினை பெண்பால் ஒருமையில் வரும்: ‘அல்குதுபு வஸலத்’, புத்தகங்கள் வந்து சேர்ந்தன. ‘வஸலூ’ என்று எழுதுவது தமிழர்கள் அதிகம் செய்யும் பிழை. பேச்சுத் தமிழில் ‘புத்தகங்கள் வந்தது’ என்கிறோமே, அதை நினைவில் வைத்தால் கை சரியாக எழுதும்.

அடுத்து ஃபாஇலின் அடையாளம். நம் முதல் வேற்றுமைக்கு உருபு கிடையாது. அரபியில் எழுவாய்க்கும் குறி உண்டு. அதன் பெயர் ரஃப்உ. ஒருமைக்கும் உருக்குலைந்த பன்மைக்கும் ‘ஆத்’ என்று முடியும் பெண்பால் பன்மைக்கும் பேஷ். இருமைக்கு அலிஃப். ‘ஊன’ என்று முடியும் ஆண்பால் பன்மைக்கும், அபூ, அகூ போன்ற ஐந்து பெயர்களுக்கும் வாவ். தந்தை என்ற ஒரே சொல்லை யூஸுஃப் அத்தியாயத்திலேயே மூன்று நிலையில் பார்க்கலாம்: 94இல் ‘கால அபூஹும்’ (அவர்களின் தந்தை சொன்னார், ஃபாஇல்), 16இல் ‘ஜாஊ அபாஹும்’ (தந்தையிடம் வந்தார்கள், மஃப்ஊல் அதாவது செயப்படுபொருள்), 4இல் ‘லி அபீஹி’ (தம் தந்தையிடம், முன்னிடைச் சொல்லுக்குப் பின்).

இந்தக் குறி இருப்பதால்தான் சொற்கள் இடம் மாறினாலும் பொருள் மாறுவதில்லை. 2:251இல் ‘வ கதல தாவூது ஜாலூத’: பேஷ் தாவூதுக்கு, அவரே கொன்றவர், ஜபர் ஜாலூத்துக்கு. 2:124இல் ‘இப்ராஹீம ரப்புஹு’ என்று மஃப்ஊல் முந்தியிருக்கிறது. ‘அவருடைய இறைவன்’ என்பதில் உள்ள ‘அவர்’ இப்ராஹீமைச் சுட்டுவதால், சுட்டப்படுபவர் முன்னால் வந்தாக வேண்டும். ஆனால் குறி வெளியே தெரியாத பெயர்கள் இரண்டு சேர்ந்தால் இந்த வசதி போய்விடும். ‘ஸஅல மூஸா ஈஸா’ என்றால் கேட்டவர் மூஸாதான். வேறு துப்பு இல்லாதபோது முதலில் வருபவரே ஃபாஇல்.

இனி ஃபாஇலைக் கண்டுபிடிக்கும் வழி. வினையைக் கண்டதும் வாலைப் பாருங்கள். பன்னிரண்டு வால்களில் ஒன்று இருந்தால் தேடல் முடிந்தது, பின்னால் வரும் எந்தப் பெயரும் ஃபாஇல் இல்லை. வால் இல்லை, அல்லது ‘த்’ மட்டும் இருக்கிறது என்றால் ரஃப்உ குறியுள்ள பெயரைத் தேடி முன்னேறுங்கள். வழியில் வரும் ஜபர், ஜேர்ச் சொற்களையும் ஒட்டிய மஃப்ஊல்களையும் தாண்டிவிடுங்கள். யூஸுஃப் 36ஆம் வசனம்: ‘வ தகல மஅஹுஸ் ஸிஜ்ன ஃபதயானி’. ‘மஅஹு’ (அவருடன்) தாண்டுங்கள், ‘ஸிஜ்ன’ (சிறை) ஜபர், தாண்டுங்கள். ‘ஃபதயானி’ அலிஃபோடு நிற்கிறது, இரண்டு இளைஞர்கள், அவர்களே ஃபாஇல். எதுவும் கிடைக்காவிட்டால் ‘ஹுவ’ அல்லது ‘ஹிய’ மறைந்திருக்கிறது.

மறைந்தவர் யார் என்பதில் அவசரப்படக் கூடாது. அதே அத்தியாயத்தின் 19ஆம் வசனம்: ‘வ ஜாஅத் ஸய்யாரதுன் ஃபஅர்ஸலூ வாரிதஹும் ஃபஅத்லா தல்வஹு’. பயணக்கூட்டம் வந்தது: பெண்பால் ஒருமை, சொல்லின் வடிவத்தைப் பார்த்து. அனுப்பினார்கள்: ஆண்பால் பன்மை, கூட்டத்திலுள்ள மனிதர்களைப் பார்த்து. ‘வாரிதஹும்’ (தண்ணீர் எடுப்பவர்) ஜபர், அனுப்பப்பட்டவர். அடுத்த ‘அத்லா’வில் (வாளியை இறக்கினார்) மறைந்திருப்பது அந்த வாரித்தான். முந்தைய வினையின் மஃப்ஊல் அடுத்த வினையின் ஃபாஇலாகிவிட்டது.

ஒட்டிய மஃப்ஊலை ஃபாஇல் என்று எடுப்பது இன்னொரு பெரும் பிழை. 110ஆம் வசனத்தின் ‘ஜாஅஹும் நஸ்ருனா’ என்றால் ‘அவர்கள் வந்தார்கள்’ அல்ல. ‘நம் உதவி அவர்களிடம் வந்தது’. ‘அவர்கள் வந்தார்கள்’ என்பது ‘ஜாஊ’. 91ஆம் வசனத்தின் ‘ஆஸரகல்லாஹு’வும் நாம் அன்றாடம் சொல்லும் ‘ஜஸாகல்லாஹு’வும் ஒரே அமைப்பு: வினை, ‘க’ (உன்னை, உனக்கு), பிறகு ஃபாஇலாகிய அல்லாஹு. பெண்ணிடம் ‘ஜஸாகில்லாஹு’ என்று சொல்லும்போது மாறுவது மஃப்ஊல் மட்டுமே. ‘ரலியல்லாஹு அன்ஹா’விலும் வினை பெண்பாலாகாமல் இருப்பதற்கு இதே காரணம், பொருந்திக்கொண்டவன் அல்லாஹ், ‘ஹா’ யாரைப் பற்றி என்பதைச் சொல்கிறது.

ஓதும்போது காது ஏமாறும் ஓர் இடமும் உண்டு. 25ஆம் வசனத்தின் ‘வஸ்தபகல் பாப’வில் இருவர் கதவை நோக்கி ஓடினார்கள். இருமையைக் காட்டும் ‘ஆ’ அடுத்த ‘அல்’லோடு சேர்ந்ததால் குறுகி, ஒருவர் ஓடியதுபோல ஒலிக்கிறது. எழுத்தில் அலிஃப் இருக்கிறது. அதே வசனத்தில் சற்றுப் பின்னால் வரும் ‘அல்ஃபயா’வில் (இருவரும் கண்டார்கள்) அந்த ‘ஆ’ முழுமையாகக் கேட்கும்.

கடைசியாக ஒரு விலக்கு. ஃபாஇலுக்கு முன்னால் பொருள் சேர்க்காத ‘மின்’ அல்லது ‘பி’ வந்தால் அது ஜேரோடு நிற்கும். 5:19இல் ‘மா ஜாஅனா மின் பஷீரின்’, எங்களிடம் நற்செய்தி சொல்பவர் எவரும் வரவில்லை. வந்திருக்க வேண்டியவர் ‘பஷீர்’, ஜேர் இருந்தாலும் அவரே ஃபாஇல். ‘கஃபா பில்லாஹி ஷஹீதா’ (4:79) என்பதிலும் போதுமானவன் அல்லாஹ்தான். இப்படிப்பட்ட இடங்களில் ‘சொல்லளவில் ஜேர், நிலையளவில் ரஃப்உ’ என்று இஃராப் (சொல்லின் இலக்கண நிலையை விளக்கும் குறிப்பு) எழுத வேண்டும்.